படுத்துக்கொண்டே வளர்ந்தவர்

முதல் தடவை அளந்தபோது மெத்தைக்காரர் நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர் உயரம் இருந்தார். இரண்டாம் தடவை நூற்று அறுபத்திரண்டு. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒரு மனிதர் ஐந்து சென்டிமீட்டர் குறைந்துபோனால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சமாவது கவலைப்பட வேண்டும். அவர் மனைவி கவலைப்படவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று அவர் தலையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்தைச் சாய்க்காதே" என்றார் மெத்தைக்காரர்.

"நான் சாய்க்கலை. உங்க தலைதான் சாயுது."

"தலை உருண்டையா இருக்கு. உருண்டை எப்படிச் சாயும்?"

"அதான் நானும் கேக்கறேன். உருண்டை மேல புத்தகத்தை வெச்சா அது எப்படி நேரா நிக்கும்?"

நியாயமான கேள்விதான். உயரம் அளப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் சுவரையும் தலையையும் மட்டுமே நினைக்கிறார்கள். நடுவில் இருக்கும் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். அதன் முன்முனை லேசாகத் தூக்கினால் சுவரில் விழும் கோடு கீழே இறங்கிவிடும். முன்முனை தாழ்ந்தால் கோடு மேலே ஏறிவிடும். கையால் நேராகப் பிடிக்க முடியாத ஒன்றை, தானாகவே நேராக இருக்கும் பொருளிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று பரண்மேல் கிடந்தது. பெட்டியின் ஒரு பக்கம் சுவரோடு முழுதாக ஒட்டினால், அடிப்பக்கம் யார் தயவும் இல்லாமல் தரைக்கு இணையாக நிற்கும்.

சுவரின் அடியில் ஓடிய பட்டைக்கல் குதிகாலை ஒரு விரல் முன்னால் தள்ளியது. அதனால் பட்டைக்கல் இல்லாத கதவோரத்துக்கு இடம் மாறினார்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பெட்டியை இறக்கினாள், பென்சிலால் கோடு போட்டாள், டேப்பைப் பிடித்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு."

"இன்னொரு தடவை."

"நூத்தி அறுபத்தஞ்சு."

"இன்னும் ஒரே ஒரு..."

"இறங்கட்டுமா, இல்ல இங்கயே குடித்தனம் நடத்தட்டுமா? ரெண்டு தடவையும் அதேதான். அண்ணி சொன்ன அதே அளவு. இப்ப திருப்தியா?"

"திருப்தி" என்றார் அவர். "சந்தோஷம்தான் இல்லை."

அண்ணி என்று மனைவி சொன்னது அவருடைய அக்காவை. டேப்பும் அக்காவுடையதுதான். அக்கா தையற்காரி. இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜன்னலும் இரண்டு மெஷினும் கொண்ட கடை. உயரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று இவர் போய்க் கேட்டபோது, கழுத்தில் கிடந்த டேப்பை அவள் தொடவில்லை. துணிமூட்டையைச் சுற்றிக் கட்டியிருந்த இன்னொன்றை அவிழ்த்துக் கொடுத்தாள். "இதை எடுத்துட்டுப் போ. கழுத்துல இருக்கறதைக் கொடுத்துட்டா என் பொழப்பு என்னாகறது?"

சின்ன வயதில் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கன்னமும் கையும் அப்படி இருந்தன. பிறகு அவர் ஒரு மரச்சாமான் கடையின் இரண்டாம் மாடியில் மெத்தை விற்கப் போனார். பெயருக்கேற்ற வேலை என்று ஊர் சிரித்தது. "நான் முப்பது வருஷம் முன்னாடியே சொன்னேன்ல" என்றாள் அக்கா.

அந்த அக்காவுக்கு இப்போது இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை மெஷின் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பியது. மற்ற நாட்களில் அவள் தைத்தாள். மருத்துவமனை மெஷினிலிருந்து எழுந்து வரும்போது, இஸ்திரி போடாத துணி மாதிரி இருந்தாள்.

யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன அன்றே மெத்தைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ரத்தவகை பொருந்தியது. மற்றப் பொருத்தங்களும் பார்த்தார்கள். எல்லாம் சரி. அக்காதான் சம்மதிக்கவில்லை.

"வேண்டாம்டா பஞ்சு. உன் கிட்னியும் உன்னை மாதிரியே மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துத் தூங்கும். எனக்கு வேலை செய்யற கிட்னி வேணும்."

மாதக்கணக்கில் இந்த வாதம் நடந்தது. கெஞ்சிப் பார்த்தார். சண்டை போட்டார். ஒரு வாரம் பேசாமல் இருந்தார். கடைசியில் அவள் "சரி, வந்து தொலையறேன்" என்று அவரோடு மருத்துவமனைக்கு வந்தாள். கல்லும் கரைந்ததே என்று மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

தானம் தருபவர்களைச் சோதிக்கும் அறைக்கு அன்று வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த உயரம் பார்க்கும் கோலைக் கழற்றி மூலையில் சாய்த்திருந்தார்கள். நர்ஸ் அவரை எடைமெஷினில் ஏற்றினார். எண்பத்து நான்கு கிலோ. அதற்குள் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அக்காவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அவர் போனார். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தபோது நர்ஸ் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உயரம் நூத்தி அறுபத்தஞ்சுன்னு அக்கா சொன்னாங்க. சரிதானே சார்?"

"அக்கா சொன்னா சரிதான் சிஸ்டர். என் அளவெல்லாம் அவகிட்டதான் இருக்கு."

"பொறந்ததுலேர்ந்து அளக்கறேன்" என்றாள் அக்கா, கழுத்து டேப்பைத் தடவிக்கொண்டு. "நீளத்தைவிட அகலம்தான் சுறுசுறுப்பு."

"பிஎம்ஐ முப்பது புள்ளி எட்டு வருது சார்."

நர்ஸின் மேசைக் கண்ணாடிக்கடியில் ஓர் அட்டை இருந்தது. மேல்வரிசையில் எடைகள், பக்கவாட்டில் உயரங்கள், நடுவில் வண்ணக் கட்டங்கள். உங்கள் எடையிலிருந்து ஒரு விரலைக் கீழே இறக்கி, உயரத்திலிருந்து இன்னொரு விரலைக் குறுக்கே நகர்த்தினால், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. முப்பதில் சிவப்பு ஆரம்பமாகும். சிவப்பில் நிற்பவர்களிடம் அந்த மருத்துவமனை கிட்னி எடுப்பதில்லை. கனத்த உடம்பில் கத்தி வைப்பதும் சிரமம், மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னிக்குப் பின்னாளில் சுமையும் அதிகம்.

"நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றார் நர்ஸ். "அதுக்குள்ள கோலையும் மாட்டிடுவோம். எல்லாத்தையும் இன்னொரு தடவை பார்த்துடலாம். அப்பவும் முப்பதுக்கு மேல இருந்தா, வேற ஆளைப் பாருங்கன்னு பெரிய டாக்டர் சொல்லிடுவார்."

வேறு ஆள் கிடையாது. அது மூவருக்குமே தெரியும்.

"விடுடா" என்றாள் அக்கா. "நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்."

விட்டுவிடுகிறவராக இருந்தால் அவர் மெத்தை விற்றிருக்க முடியாது.

"அது என்ன பிஎம்ஐ?" என்று மனைவி கேட்டாள், அளந்து முடித்த அட்டைப்பெட்டியைப் பரண்மேல் திருப்பி வைத்தபடி. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"எடையை உயரத்தால வகுக்கணும். வர்றதைத் திரும்பவும் உயரத்தாலயே வகுக்கணும்."

"ஒரு தடவை வகுத்தா போதாதா? பாவம் எடை."

"போதாது. இப்ப ஒரு மெத்தையை எடுத்துக்கோ. எல்லா மெத்தையும் ஒரே பஞ்சுன்னு வெச்சுப்போம். எடையை மட்டும் சொன்னா மெத்தை தடியா மெலிசான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெரிய மெத்தையா இருந்தாலும் எடை இருக்கும்ல."

"அவ்வளவுதான் விஷயம். எடையை நீளத்தால வகு, அப்புறம் அகலத்தால வகு. பெரிசு சின்னதுங்கற பேச்சே போயிடும். மிஞ்சி நிக்கறது தடிமன். மனுஷனும் அப்படித்தான். உயரமானவனுக்குத் தோளும் அதுக்கேத்த மாதிரி அகலமா இருக்கும். அதனால அகலத்தைத் தனியா அளக்காம, உயரத்தாலயே ரெண்டு தடவை வகுத்துடறாங்க. மிஞ்சறது மனுஷனோட தடிமன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முப்பது புள்ளி எட்டு. உங்க கடைல அவ்வளவு தடி மெத்தை இருக்கா?"

"இல்லை."

"இருந்தாலும் விக்காது."

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உறைக்குள் இருப்பது பஞ்சா, நாரா, ஸ்பிரிங்கா என்று அதற்குத் தெரியாது. மூட்டை தூக்கி உரமேறிய தோளும் அதன் கண்ணுக்குத் தடிமன்தான், உட்கார்ந்தே வளர்த்த தொப்பையும் தடிமன்தான். அது ஒரு சல்லடை. எதை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். ஆனால் சல்லடையில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த ஞானத்தால் பயன் இல்லை. நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர்காரர் முப்பதுக்குக் கீழே வர எண்பத்தொன்றரை கிலோ இருக்க வேண்டும். இரண்டரை கிலோ இறங்கியாக வேண்டும்.

பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தே போனார். லிப்டை மறந்தார். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். முதல் வாரத்தில் ஒரு கிலோ குறைந்தது. சந்தோஷத்தை அடக்கமுடியாமல் அக்காவின் கடைக்குப் போய்ச் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

"கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றாள் அக்கா. "உக்காருடா."

மறுநாளிலிருந்து, அவர் நடந்து போகும் நேரத்துக்குத் தையல் கடை ஜன்னலில் ஒரு தட்டு காத்திருந்தது. வெண்ணெய் தடவிய ரொட்டி, வறுத்த முந்திரி, வாழைப்பழம்.

"அக்கா, நான் எடை குறைக்கணும்."

"தெரியும்டா. இதெல்லாம் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பழத்தைக் கண்ணால பார்த்தே வருஷமாச்சு. நீ சாப்பிடறதையாவது பார்க்கறேனே."

இதற்குப் பதில் சொல்லக்கூடிய தம்பி இன்னும் பிறக்கவில்லை. சாப்பிட்டார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கும்போது அவளும் ஒரு தரம் விழுங்கினாள்.

ஜன்னலைத் தவிர்க்க அவர் வேறு தெரு வழியாக நடந்து பார்த்தார். அன்று மாலையே அக்கா வீட்டுக்கு போன் செய்தாள். "ஏம்மா, அவன் என்மேல கோவமா இருக்கானா? என் கடைப் பக்கமே வர்றதில்லை." மறுநாள் பழைய வழிக்கே திரும்பினார். தட்டு பெரிதாகியிருந்தது. மூன்றாம் வாரம் எடைமெஷினில் ஏறியபோது எண்பத்தைந்து கிலோ.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று மனைவியே நேராகப் போனாள்.

"அண்ணி, அவர் குறைக்கறது உங்களுக்காகத்தான்."

"அதனாலதாம்மா மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி.

கடைசி வாரம் மனைவி அவரைக் கடைவரை கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வந்தாள். ஜன்னலைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மூன்று வேளையும் வெள்ளரிக்காய். சோதனைக்கு முந்தின நாள் எண்பத்து மூன்று கிலோ வந்தது. கணக்குப் போட்டார்கள். முப்பதரை. அரைதான் அதிகம், ஆனாலும் சிவப்பு சிவப்புதான்.

அன்று கடையில் ஒரு தம்பதிக்கு வழக்கமான பாடத்தை அவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

"முதுகெலும்புல ஒவ்வொரு எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்து இருக்கு சார். நாள் முழுக்க நிக்கறோம், நடக்கறோம், அது பிழிஞ்சு தட்டையாயிடும். ராத்திரி படுத்தா தண்ணியை உறிஞ்சித் திரும்ப உப்பும். அதனால காலைல எழுந்திருக்கும்போது நாம எல்லாருமே ஒண்ணு, ஒண்ணரை சென்டிமீட்டர் அதிக உயரமா இருப்போம். எழுந்து நடமாடினா ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"பாதிக்கு மேல என்ன சார்?" என்றார் வாங்க வந்தவர்.

"போயிடும்" என்றார் மெத்தைக்காரர், மெதுவாக. கால்குலேட்டரை எடுத்தார். எண்பத்து மூன்றை ஒன்று புள்ளி ஆறு ஆறு ஐந்தால் வகுத்தார். மறுபடியும் வகுத்தார். இருபத்தொன்பது புள்ளி ஒன்பது நான்கு.

எடையைக் கணக்கு ஒரு தடவைதான் பார்க்கிறது. உயரத்தை இரண்டு தடவை பார்க்கிறது. நாலு வாரமாக அவர் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காலைல பத்து மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?" என்றாள் மனைவி இதைக் கேட்டுவிட்டு. "எழுந்து, குளிச்சு, பஸ் பிடிச்சுப் போறதுக்குள்ள பழைய உயரத்துக்கு வந்துடுவீங்களே."

"எழுந்தாத்தானே?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது ஏமாத்து வேலை இல்லையா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஏமாத்துன்னா இல்லாத உயரத்தைச் சொல்லணும். இது என்னோட உயரம்தான். தினமும் காலைல கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டப் போறேன், அவ்வளவுதான்."

"அண்ணிகிட்ட சொல்லிடலாமா?"

"வேண்டாம். அவளுக்கு நாளைக்கு டயாலிசிஸ். முடிஞ்சதும் சொல்லி அசத்திடலாம்."

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடி பல் துலக்கினார், படுத்தபடி பேன்ட் போட்டுக்கொண்டார். அதில் ஒரு காலை மாட்டுவதற்குள் மனைவிக்கு வியர்த்துவிட்டது. எட்டரை மணிக்குக் கடையின் டெலிவரி வேன் வந்தது. டிரைவர், மெத்தை ஏற்றும் சக்கரப் பலகையைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்த, அவர் மெத்தையோடு உருண்டு அதில் ஏறிக்கொண்டார்.

"மெத்தையைத் திருப்பிக் குடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன் அண்ணே" என்றார் டிரைவர். "ஆளோட சேர்த்துத் திருப்பிக் குடுக்கறது இதான் முதல் தடவை."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளை நழுவவிட்டார். "ஐயையோ, எப்ப ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை" என்றாள் மனைவி.

வேனுக்குள் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு போனார். "வேகத்தடையில மெதுவா விடு தம்பி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் போயிடும்." வழியில் கொடுக்க வேண்டிய ஓர் அலமாரியை டிரைவர் இறக்கிக்கொண்டிருந்தபோது, அதை வாங்கியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தைக்காரர் படுத்தபடியே வணக்கம் சொன்னார். அந்த மனிதர் அலமாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மருத்துவமனையில் பின்கதவு திறந்ததும் காவலாளி விசில் ஊதினார். அடுத்த நிமிடம் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். அசைக்காமல் தூக்கினார்கள். அதை மட்டும் அவர் மனதாரப் பாராட்டினார்.

"என்ன கேஸ்?"

"உயரம் சார்" என்றார் டிரைவர்.

"எந்த உயரத்துலேர்ந்து விழுந்தாரு?"

டிரைவர் பதில் யோசிப்பதற்குள் அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கழுத்தில் பட்டை மாட்டினார்கள். இளம் டாக்டர் ஒருவர் குனிந்தார்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலை டாக்டர்."

"கால் அசையுதா?"

அசைத்துக் காட்டினார்.

"சரி, மெதுவா எழுந்து உக்காருங்க."

"மாட்டேன்."

"முடியலையா, மாட்டீங்களா?"

"முடியும். பத்து மணி ஆகட்டும்."

டாக்டர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "இவர் ஒண்ணரை சென்டிமீட்டரை வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கார் டாக்டர். உக்காந்தா போயிடும்." டாக்டர் இப்போது மனைவியின் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலு வாரக் கதையையும் அவள் சொல்லி முடித்த பிறகு அவர் கழுத்துப் பட்டையைத் தன் கையாலேயே கழற்றினார். "ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டுப் போங்க" என்றார். "திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுங்க."

சோதனை அறையில் புது வண்ணத்தின் வாசனை இன்னும் இருந்தது. கோல் சுவரில் ஏறியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் வந்தவரைப் பார்த்து நர்ஸ் எழுந்துவிட்டார்.

"சார், நீங்களா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் அளந்துடுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி. "ஆறிடப் போகுது."

மெத்தைக்காரர் இறங்கினார். இரண்டே எட்டு. குதிகால், பின்புறம், தோள். பார்வை நேராக. நர்ஸ் கோலின் பலகையைத் தலைமேல் இறக்கினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாரத்து வெள்ளரிக்காயும், வாரத்தில் மூன்று நாள் அந்த மெஷினோடு கட்டுண்டு கிடக்கும் ஒருத்தியின் மீதி வாழ்வும் அந்தச் சின்னப் பலகைக்கடியில் நின்றன.

"நூத்தி எழுபது" என்றார் நர்ஸ்.

பின்னாலேயே வந்திருந்த டிரைவர் எட்டி நின்று கோலைப் பார்த்தார்.

"அண்ணே" என்றார், "அது எந்த மெத்தை?"

எடை எண்பத்து மூன்றுதான். நர்ஸ் கால்குலேட்டரைத் தட்டினார். இருபத்தெட்டு புள்ளி ஏழு. மஞ்சளில், நன்றாக உள்ளே தள்ளி. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெத்தைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு" என்றார். "திரும்ப அளங்க. ஒண்ணரைக்கு மேல வளர முடியாது. இது அஞ்சு."

"சும்மா இருங்களேன்" என்றாள் மனைவி.

"எப்படிச் சும்மா இருக்கறது? முதுகுல அவ்வளவு மெத்து இல்லை."

மறுபடியும் அளந்தார்கள். நூற்று எழுபது. அவர் மனைவியின் பையிலிருந்து அக்கா கொடுத்த டேப்பை எடுத்தார். அதன் நுனியைக் கோலின் அடியில் டிரைவரைப் பிடிக்கச் சொல்லி மேலே இழுத்துப் பார்த்தார். கோலில் நூற்று எழுபது என்று இருந்த இடத்தில் டேப்பில் நூற்று அறுபத்தாறு என்று இருந்தது.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று புரியும்போது அவருக்கு வரும் மலர்ச்சி அது. அதற்கு முன்னால் மற்ற சந்தோஷங்கள் எல்லாம் இரண்டாம் பட்சம்.

"டேப் நீண்டுபோயிருக்கு. துணி டேப் இல்லையா? இழுத்து இழுத்துக் கட்டினா நீளும். நீண்டா கோட்டுக்குக் கோடு இடைவெளி கூடிடும், அளவு குறைச்சலாக் காட்டும். ராத்திரி வளர்ந்தது ஒரே ஒரு சென்டிமீட்டர். மத்ததெல்லாம் எப்பவும் என்கிட்ட இருந்ததுதான். என் நிஜ உயரம் நூத்தி அறுபத்தொம்பது." மறுபடியும் கால்குலேட்டர். "அப்படின்னா அன்னிக்கு எண்பத்து நாலு கிலோ இருந்தப்பவே இருபத்தொம்பது புள்ளி நாலுதான். நான் ஒரு கிராம்கூடக் குறைச்சிருக்க வேண்டியதில்லை."

"வெள்ளரிக்காய்" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது.

"அப்ப இத்தனை வருஷமா உங்க அக்கா தெச்ச சட்டையெல்லாம்?" என்றார் டிரைவர். "அது எப்படிச் சரியா இருந்தது?"

"நல்லாக் கேட்டே. அவ டேப் எல்லாமே இப்படித்தான் இருக்கும்போல. ஆனா உடம்பையும் அதே டேப்பாலதான் அளக்கறா, துணியையும் அதே டேப்பாலதான் வெட்டறா. ரெண்டு பக்கமும் ஒரே தப்பு. தப்பும் தப்பும் கழிஞ்சு சட்டை கச்சிதமா இருக்கும். ஆயுசு முழுக்கத் தெரியாது. இங்கதான் மாட்டிக்குது. உயரம் அவ டேப்புலேர்ந்து வருது, எடை வேற மெஷின்லேர்ந்து வருது. ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிக்காது." அவர் போனை எடுத்தார். "பாவம் அக்கா. கொடுத்து வெச்சது அவ்வளவுதான்னு நாலு வாரமா மனசு உடைஞ்சு கிடந்தா. எல்லாம் இந்த டேப்பால வந்த வினை."

அடுத்த கட்டடத்தில் அக்காவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ், மேசைக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

"டேப்பா? அன்னிக்கு உங்க அக்கா கழுத்துல இருந்த டேப்பைக் கழட்டவே இல்லையே சார். உங்க எடை எவ்வளவுன்னு கேட்டாங்க, இந்த அட்டையில விரலை வெச்சு சிவப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்தாங்க, அதுக்கப்புறம்தான் உங்க உயரத்தையே சொன்னாங்க."